கறுப்பு வயர்

ரயில்வே கேட் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போதே வண்டி ஒரு மாதிரி இருமியது. கோமதிநாயகத்துக்கு உடனே தெரிந்துவிட்டது. இன்றைக்கும் செய்யப்போகிறது. எத்தனையோ நாள் இருக்க இன்றைக்குப் போய், இவளைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போகிற இன்றைக்குப் போய். ஆக்சிலேட்டரை முறுக்கினான், விட்டான், திரும்ப முறுக்கினான். வண்டி ஒரு தடவை பாய்ந்தது, ஒரு தடவை சொக்கியது, கேட்டுக்கு முன்னால் இருந்த வேகத்தடையில் ஏறி இறங்கியதும் சத்தமில்லாமல் அடங்கிவிட்டது. உருண்டுபோய், சாத்தியிருந்த கேட்டுக் கம்பத்தில் முட்டாத குறையாக நின்றது. பங்குனி வெயில் தார்ரோட்டிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் இருந்த தங்கச்சி ஆவுடைச்செல்வி என்ன ஏது என்று கேட்கவில்லை. மடியில் வைத்திருந்த துணிப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கி, அங்கேதான் நிற்கவேண்டும் என்று யாரோ சொல்லிவைத்த மாதிரி ஓரமாக நின்றுகொண்டாள். கேட்டிருக்கலாம். என்ன வண்டிண்ணே வச்சிருக்க, பழைய இரும்புக்காரன்ட்ட போட்டாலும் வாங்க மாட்டான் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். கல்யாணத்துக்கு முன்னால் என்றால் சொல்லியிருப்பாள். சங்கரன்கோவிலில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த காலத்தில் உள்ளே இருந்து பேசினால் எதிர்ச்சாரியில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அந்தச் சத்தம் எங்கே போனது என்று தெரியவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலையில் இதே பையோடு ராஜபாளையத்திலிருந்து தனியாக பஸ் ஏறி வந்தாள். கொஞ்ச நாள் இருக்கேம்மா என்றாள். கொஞ்ச நாள்னா எவ்வளவு நாள் என்று அம்மா அன்றைக்கே கேட்டாள். இன்றைக்குக் காலையில் அம்மாவே துணியை மடித்துப் பையில் அடுக்கி, முறுக்குப் பொட்டலம் ஒன்றையும் மேலே வைத்து, "நாயகம், இவளக் கொண்டுபோய் அவுக வீட்ல விட்டுட்டு வந்துரு. ஒரு வாய் காபி குடிச்சிட்டுத்தான் கிளம்பணும், மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வராத" என்று சொல்லிவிட்டாள். மூஞ்சியைத் தூக்கிவைக்க என்ன இருக்கிறது. கொண்டுபோய் விடவேண்டும், அவ்வளவுதான். ஒரு வண்டி, ஒரு மணி நேரம், ஒரு காபி.

கிக்கரை உதைத்தான். ஒன்றுமில்லை. இன்னொரு உதை. கிக்கர் திருப்பி அடித்ததில் முழங்காலுக்குக் கீழே சுரீர் என்றது. பின்னால் வண்டிகள் சேர ஆரம்பித்துவிட்டன. மினிலாரி ஒன்று வந்து முதுகில் மூச்சு விடுகிற நெருக்கத்தில் நின்றது. பக்கத்தில் மொபெட்டில் வாழைத்தார் கட்டிவைத்திருந்தவர், "பெட்ரோல் இருக்கா தம்பி?" என்றார். இருக்கிறது. "அப்பம் சோக்க இழுத்துட்டு அடிங்க." சூடான வண்டிக்குச் சோக் போட்டால் பிளக் நனைந்துபோகும், அதைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் சிரித்துவைத்தான். இந்த வண்டியைப் பற்றி அவனுக்குத் தெரியாததா. ஆறியிருக்கும்போது ஒரே உதையில் பிடிக்கும். பத்துப் பன்னிரண்டு மைல் ஓடிச் சூடு ஏறினால் நின்றுவிடும். கொஞ்ச நேரம் நிழலில் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்ப ஓடும். மெக்கானிக் சேவியரிடம் கொண்டுபோனால் பச்சைப்பிள்ளை மாதிரி இருக்கும். சேவியர் சுற்றிச் சுற்றிப் பார்ப்பான், பிளக்கை மாற்றுவான், காயிலை மாற்றுவான், பாயின்டைத் தேய்ப்பான், கடைசியில் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "என் கண்ணு முன்னால நிக்கச் சொல்லுங்க அண்ணாச்சி, அப்பம் பாக்கேன். இதுல ஒரு குறையும் இல்ல" என்பான். ஒரு குறையும் இல்லை. அம்மாவும் இதையேதான் சொன்னாள். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே, "குடிக்காரா? இல்ல. கைநீட்டுதாரா? இல்ல. மில்லுல சூப்பர்வைசர், மாசமானா சம்பளத்த முழுசாக் கொண்டாந்து வைக்காரு. ஒரு குறையும் இல்லாத மனுசன விட்டுட்டு வந்து உக்காந்திருக்கா" என்றாள். அவன் உரக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான், பில் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்று கேட்டான், கேட்டபோது மனசு லேசாயிற்று. ஆமாம், இதைத்தானே பார்க்கவேண்டும். குடியில்லை, அடியில்லை. இவள் மேலில் ஒரு காயம் உண்டா, தழும்பு உண்டா. பெண்டாட்டி பிரமு ஏழு மாசம், இருக்கிற ஒரே உள்ளறையை இவளுக்கு விட்டுவிட்டுக் கூடத்தில் படுக்கிறாள், "அவங்க வந்ததுல எனக்கு ஒண்ணும் இல்லப்பா, ஆனா" என்று நிறுத்திவிடுகிறாள். அந்த ஆனாவுக்கு அப்புறம் என்ன என்று அவனும் கேட்டதில்லை. இந்த வீட்டில் யாரிடமும் எதையும் பாதிக்கு மேலே கேட்கிற வழக்கம் அவனுக்கு இல்லை. கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அதை வைத்துக்கொண்டு ஏதாவது செய்தாகவேண்டும்.

ரயில் வந்து, பெட்டி பெட்டியாக முகத்தில் சூட்டை அடித்துவிட்டுப் போனது. கேட்டுக்காரர் கம்பத்தைத் தூக்குவதற்குள் மினிலாரிக்காரன் ஆரனை அழுத்திப் பிடித்துக்கொண்டான். "ஓரங்கட்டுங்கய்யா!" வண்டியைத் தள்ளுவதற்கு இடமில்லை. இந்தப் பக்கம் மொபெட், அந்தப் பக்கம் பஸ், எதிரே தண்டவாளம், எதிர்ச்சாரியிலிருந்து வருகிறவர்களும் ரோட்டை அடைத்துக்கொண்டு முண்டியடிக்கிறார்கள். இரண்டு கையும் ஹேண்டில்பாரில், வியர்வை கண்ணுக்குள் இறங்குகிறது, துடைக்கக் கையில்லை. உதை, ஒன்றுமில்லை. உதை, ஒன்றுமில்லை. எல்லாரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. திரும்பிப் பார்த்தான். ஆவுடை வண்டியின் பின்கம்பியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். பை தோளில் கிடந்தது. தலையைக் குனிந்துகொண்டு, அவன் எந்தப் பக்கம் திருப்புகிறானோ அந்தப் பக்கம் தள்ளினாள். ரோட்டைவிட்டு இறக்கி, ஓர் உடைமரத்தின் சல்லடை நிழலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியபோது வண்டிகள் எல்லாம் போய்விட்டன. கேட்டுக்காரர் தன் அறைக்குள் போனார். ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. எஞ்சினிலிருந்து டிங், டிங் என்று இரும்பு ஆறுகிற சத்தம். அப்போது போன் அடித்தது. மாப்பிள்ளை திருமலைக்குமார்.

"மச்சான், எங்க வந்துட்டீங்க? சாப்பாடெல்லாம் வாங்கி வச்சுட்டேன்."

"பாதி வழியில வண்டி நின்னுட்டு மாப்ள. ரயில்வே கேட்டுக்கிட்ட நிக்கோம். இப்பம் சரியாயிரும்."

"அய்யய்யோ, வெயில்ல நிக்காதீங்க மச்சான்." எப்போதும் இப்படித்தான், குரலில் ஒரு சுருக்கம் கிடையாது, இஸ்திரி போட்ட மாதிரி பேசுவார். "அவ பக்கத்துல இருக்காளா?"

"இருக்கா. குடுக்கட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம். இருக்காளான்னுதான் கேட்டேன். நான் பக்கத்து வீட்டுல கார கேட்டு எடுத்துட்டு வர்றேன். அவள அங்கேயே நிக்கச் சொல்லுங்க."

எதற்கு மாப்ள சிரமம், நானே என்று இழுப்பதற்குள் வைத்துவிட்டார். "அவரு வாராரா?" என்று ஆவுடை கேட்டாள். காலையிலிருந்து அவள் கேட்ட முதல் கேள்வி. கார் எடுத்துக்கொண்டு வருகிறாராம் என்றான். அவள் மரத்தடியில் இறக்கிவைத்திருந்த பையைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தண்டவாளத்தைப் பார்த்தாள்.

கார். அவனுக்கு அதுதான் குத்தியது. தங்கச்சியைக் கொண்டுபோய் விடுவதற்குக்கூட வக்கில்லாமல் நடுரோட்டில் நிற்கிறான் என்று அந்த மனுசன் ஒரு வார்த்தை சொல்லமாட்டார், சொல்லாமல் கார் கதவைத் திறந்துவிடுவார், அது இன்னும் மோசம். அவர் வருவதற்குள் இதைக் கிளப்பிவிடவேண்டும். பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து ஸ்பேனர்களை எடுத்தான். முதலில் பிளக். கழற்றும்போது சூடு விரலைப் பொசுக்கியது. நுனி கறுத்து, பெட்ரோலில் நனைந்திருந்தது. அப்படியென்றால் பெட்ரோல் வருகிறது, கரெண்ட்தான் வரவில்லை. ஒன்று நிச்சயமாகத் தெரிந்ததில் ஒரு சின்ன நிம்மதி. உலகத்தில் எல்லாம் இப்படி இருந்துவிட்டால் நன்றாக இருக்கும், இது இல்லையென்றால் அது, அது இல்லையென்றால் அடுத்தது. வேட்டி நுனியில் பிளக்கைத் துடைத்து, வயர் நுனித் தொப்பியில் மாட்டி, எஞ்சினின் இரும்போடு ஒட்டவைத்துப் பிடித்தான். "ஆவுட, கொஞ்சம் இப்படி வந்து வெயில மறைச்சு நில்லு. பொறி அடிக்கான்னு பாக்கணும், இந்த வெளிச்சத்துல தெரியாது." அவள் வந்து நின்று, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். சேலை நிழலுக்குள் நீலமாக இருட்டியது. கிக்கரைக் கையால் அழுத்தினான். பிளக் நுனியில் ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை. ஒன்றும் இல்லை. அவளுடைய விரல்கள் சேலை ஓரத்தைப் பிடித்திருப்பது கண்ணுக்கு நேரே தெரிந்தது, நகங்களை எல்லாம் சதை வரைக்கும் கடித்துவைத்திருந்தாள். சின்ன வயசில்கூட நகம் கடிக்கிற பிள்ளை இல்லை இவள். வேறு பக்கம் பார்த்தான். கரெண்ட் எங்கே நிற்கிறது, அதைப் பார். காயில் புதுசு. பாயின்ட் புதுசு. பிறகு எங்கே. இந்த மூன்று வாரமும் வீட்டில் இவள் தானாக ஒரு கதவைத் திறந்து அவன் பார்க்கவில்லை. வாசல்கதவு சும்மா சாத்தித்தான் இருக்கும், இவள் அதன் முன்னால் வந்து நிற்பாள். அண்ணே, வெளிய போய்ட்டு வரட்டா என்பாள். இது என்ன கேள்வி, போயேன் என்பான். போகச் சொன்ன பிறகும் நிற்பாள், அவன் எழுந்து வந்து திறந்துவிடுவான். காயில் புதுசு, பாயின்ட் புதுசு. கண்டென்சரும் மாற்றியாயிற்று. போன ஆடியில் கடை வசூலுக்கு ராஜபாளையம் போனவன் அப்படியே ஒரு எட்டு இவள் வீட்டுக்கும் போனான். கதவில் பூட்டுத் தொங்கியது. ஆள் இல்லை என்று திரும்பப்போனவனை ஜன்னலிலிருந்து அண்ணே என்று கூப்பிட்டாள். மறந்துபோய்ச் சாவிய எடுத்துட்டுப் போய்ட்டாங்கண்ணே என்றாள். தண்ணீர் கொண்டுவந்தாள். டம்ளர் ஜன்னல் கம்பிக்குள் நுழையவில்லை. கையை ஏந்துண்ணே என்று சொல்லி, கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து ஊற்றினாள், அவன் இந்தப் பக்கம் நின்று இரண்டு கையிலும் வாங்கிக் குடித்தான். சட்டையெல்லாம் நனைந்தது, இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்தார்களா. அவன் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. அவள் சிரித்தாளா என்று யோசித்தால் கம்பியும் கையும் தண்ணீரும்தான் வருகிறது, முகம் வரமாட்டேன் என்கிறது. மறந்துபோய் எடுத்துக்கொண்டு போனவர் எதற்கு வெளியே பூட்டினார் என்று அன்றைக்கு பஸ் ஸ்டாண்ட் வரும்வரை ஒரு கேள்வி கூடவே நடந்து வந்தது. பஸ் வந்ததும் ஏறிவிட்டான், கேள்வியை ஏற்றவில்லை. "தெரியுதாண்ணே?" என்றாள் ஆவுடை. என்ன என்று திடுக்கிட்டுப் பார்த்தான். "பொறி" என்றாள்.

இல்லை என்றான். மாப்பிள்ளை எவ்வளவு தூரம் வந்திருப்பார் என்று எண்ணம் போயிற்று, அதைப் பிடித்து இழுத்து, வயர், வயர் என்று உட்காரவைத்தான். சேவியர் எப்போதோ சொன்னது ஒன்று நினைவில் தட்டியது. சாவி போட்டால்தான் கரெண்ட் வருகிறது என்று எல்லாரும் நினைக்கிறார்கள், இந்த மாதிரிப் பழைய வண்டியில் அது அப்படி இல்லை அண்ணாச்சி, எஞ்சின் சுற்றினாலே கரெண்ட் வரும், சாவிக்கு அதை நிறுத்துகிற வேலை மட்டும்தான். சாவியை மூடினால் ஒரு கறுப்பு வயர் போய் வண்டியின் உடம்பைத் தொடும், கரெண்ட் எல்லாம் அதன் வழியாக இரும்புக்குள் இறங்கிச் செத்துப்போகும். அப்படியென்றால், சாவியைத் தொடாமலே அந்த வயர் எங்கேயாவது இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால்? சீட்டைக் கழற்றினான், டாங்கின் பின்பக்கத்து போல்ட்டைத் திருகி எடுத்தான், "இதப் பிடி" என்றான், ஆவுடை பையைக் கீழே வைத்துவிட்டு டாங்கை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே வயர்க்கட்டு சட்டத்தை ஒட்டி ஓடியது. விரலை விட்டுத் தடவிக்கொண்டே போனான். தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, ஓரிடத்தில் குளவிக்கூட்டின் மண். அப்புறம் டாங்கின் வளைவுக்குக் கீழே விரல் நுனியில் ஏதோ குத்தியது. குனிந்து பார்த்தான். கறுப்பு வயரின் தோல் ஒரு நகத்தின் அளவுக்குத் தேய்ந்துபோய், உள்ளே செம்புக்கம்பி மினுங்கிக்கொண்டு, சட்டத்தின் மேல் படிந்து கிடந்தது. இத்தனை நாளும் இதுதான். சூட்டில் தோல் இளகினால் போய்த் தொடுகிறது, ஆறினால் விறைத்து விலகிக்கொள்கிறது. சேவியர் கடையில் நிழலில் நிறுத்தினால் எப்படித் தெரியும். காயில் பக்கத்தில் அந்த வயரின் ஜாயின்டைப் பிடித்து ஒரே இழுப்பில் பிரித்துவிட்டான். பிளக்கை இரும்பில் வைத்தான். அவன் கேட்காமலே அவள் டாங்கை முட்டில் தாங்கிக்கொண்டு முந்தானையை ஒரு கையால் விரித்தாள். கிக்கரை அழுத்தினான். டிக் என்று நீலமாக ஒரு பொறி. இன்னொரு தடவை, டிக். சின்னப்பிள்ளை மாதிரி மூன்று நான்கு தடவை அழுத்தி அழுத்திப் பார்த்தான். பிளக்கை மாட்டினான், டாங்கை இறுக்கினான், சீட்டை அமுக்கினான், நின்று உதைத்தான். ஒரே உதை. வண்டி ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறிக்கொண்டு எழுந்தது, புகை உடைமரத்துக்குள் ஏறியது. கேட்டுக்காரர் அறையிலிருந்து தலையை நீட்டிக் கையைத் தூக்கிக் காட்டினார். கோமதிநாயகத்துக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. ஒன்றரை வருஷம் எல்லாரையும் ஏமாற்றிய ஒன்றை நடுரோட்டில் தன் விரலால் தடவிக் கண்டுபிடித்திருக்கிறான். "பிடிச்சிட்டேன்ட்டி! பாத்தியா, பிடிச்சிட்டேன்லா!" என்று கத்திக்கொண்டே திரும்பினான்.

ஆவுடை பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். கன்னத்தில் எண்ணெய்க் கறை. வண்டிச் சத்தத்தில் அவள் சொன்னது முதலில் கேட்கவில்லை, என்ன என்று காதைக் கொடுத்தான்.

"கண்டுபிடிக்காம இருந்திருக்கலாம்லாண்ணே" என்றாள்.

குறையாகச் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, கால் மிதியை விரித்துப் போட்டு ஏறுவதற்குத் தயாராக நின்றாள். அவன் ஆக்சிலேட்டரில் கையை வைத்தபடியே இருந்தான். சிரிப்பு முகத்திலேயே மாட்டிக்கொண்டு கிடந்தது, அதை எப்படி இறக்குவது என்று தெரியவில்லை. இவள் இவ்வளவு நேரமும் சேலையை விரித்து நிழல் பிடித்தாளே. டாங்கைத் தூக்கிப் பிடித்தாளே. அதைப் பிடி என்றால் பிடித்து, இங்கே நில் என்றால் நின்று, தன்னை அங்கே கொண்டுபோய் விடப்போகிற வண்டியைச் சரிபண்ண இவளே கூட நின்று வேலை செய்திருக்கிறாள். அவன் அவள் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும். வயரைப் பார்த்தான், பிளக்கைப் பார்த்தான், பொறியைப் பார்த்தான். இப்போதும் ஏறு என்று சொல்லிவிடலாம், அவள் ஏறிவிடுவாள், சத்தத்தில் பேச்சு எதுவும் வேண்டியிருக்காது, போய்ச் சேர்ந்தால் காபி இருக்கும். வண்டி காலுக்கு நடுவில் துடித்துக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்டால் அம்மா இருக்கிறாள், பிரமுவின் ஆனா இருக்கிறது, சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், கார் எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருக்கிற மனுசன் இருக்கிறார். கேட்காவிட்டால் இவள் ஒருத்திதான் இருக்கிறாள். சாவியைத் திருப்பினான். வண்டி நிற்கவில்லை. நிறுத்துகிற வயரைத்தான் பிடுங்கிப் போட்டாயிற்றே. இதை யார் நிறுத்துவது என்று ஒரு நிமிஷம் பயந்தே போனான், பிறகு பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரைப் போட்டு கிளட்சை விட்டான். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, முட்டி, செத்தது. அந்த அமைதியில் எங்கேயோ ஆடு கத்துவது கேட்டது.

"ஆவுட, அங்க என்ன நடக்கு?"

அவள் அவனையே பார்த்தாள். அந்தக் கேள்வி தன்னைத்தானா என்று சந்தேகப்பட்ட மாதிரி இருந்தது.

"நடக்க என்ன இருக்கு" என்றாள். "வெளிய போகும்போது பூட்டிட்டுப் போவாரு."

"என்னைக்காவதா?"

"தினமும்தான். பகல் ஷிப்ட்டுன்னா பகல் பூரா, ராத்திரி ஷிப்ட்டுன்னா ராத்திரி பூரா. மில்லுல இருந்து போன் பண்ணுவாரு, எந்த ரூம்ல நிக்கன்னு கேப்பாரு. திட்ட மாட்டாரு. ஒண்ணும் சொல்ல மாட்டாரு." பையின் வாரைத் திருகிக்கொண்டே சொன்னாள். "போன மாசம் அடுத்த வீட்ல சிலிண்டர் தீப்பிடிச்சிட்டு. தெருவே வெளிய ஓடிட்டு. புகையெல்லாம் எங்க வீட்டுக்குள்ளதான் வந்துச்சு. நான் ஜன்னல்ல நின்னு கத்துனேன். பூட்ட உடைக்கவா வேண்டாமான்னு வெளிய நின்னு பேசிக்கிட்டு இருந்தாங்க. அதுக்குள்ள அணைச்சிட்டாங்க. சாயங்காலம் அவருட்ட சொன்னேன். தீ நம்ம வீட்டுக்கு வரலைல்லா, பிறகு என்ன அப்படின்னாரு. மறுநாள் அவரு குளிக்கப் போகும்போது சட்டைப்பையில இருந்து சாவிய எடுத்துத் திறந்துட்டு வந்துட்டேன்."

"இத ஏன் நீ சொல்லல?"

"அம்மாட்ட வந்த அன்னைக்கே சொன்னேன். பாதுகாப்புக்குத்தானட்டி பூட்டுதாரு, ஊரு கெட்டுக் கிடக்கில்லா அப்படின்னா. மதினிக்கும் தெரியும்." பிறகு, "உன்ட்டயும் அம்மா சொல்லியிருப்பான்னு நெனச்சேன். தெரிஞ்சுதான் கூட்டிட்டுப் போறன்னு நெனச்சேன்" என்றாள்.

அப்படி நினைத்துக்கொண்டுதான் இவ்வளவு தூரம் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறாள். அவனுக்கு எதையாவது பிடித்துக்கொள்ளவேண்டும் போலிருந்தது, கை போய் எஞ்சினில் பட்டது, சூடு உள்ளங்கையைச் சுட்டது, எடுக்கத் தோன்றாமல் ஒரு கணம் அப்படியே வைத்திருந்தான். எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வந்தது. அது உண்மைதான். உண்மை என்றாலும் இந்த மரத்தடியில் வைத்து அவளைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை. போன் அடித்தது. அடித்த மாத்திரத்தில் ஆவுடை ஓர் அடி பின்னால் போனாள், முதுகு மரத்தில் முட்டியது.

"மச்சான், கிளம்பிட்டேன். அந்தக் கேட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"நீங்க வர வேண்டாம் மாப்ள."

"வண்டி சரியாயிட்டா?"

"ஆயிட்டு. நாங்க ஊருக்குத் திரும்பிப் போறோம். அவ வரல."

அந்தப் பக்கம் காரின் இண்டிகேட்டர் டிக், டிக் என்று அடிப்பது மட்டும் கேட்டது. "அவ அப்படிச் சொன்னாளா மச்சான்?" என்றார் கடைசியில், அதே இஸ்திரி போட்ட குரலில். அவள் சொல்லல, நான்தான் சொல்லுதேன் என்றான் கோமதிநாயகம். "வெயில்ல நின்னு உங்களுக்கு டென்ஷன் ஆயிட்டு. பரவாயில்ல, வீட்டுக்குப் போங்க. அத்தைட்ட நான் பேசிக்கிடுதேன். பேசிட்டு ஒரு நாள் நானே வந்து கூட்டிக்கிடுதேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். பேசுவார். அவர்கள் போய்ச் சேருவதற்குள் அம்மாவிடம் பேசி முடித்திருப்பார். வாசலில் அம்மா நிற்பாள், உள்ளே பிரமு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், உள்ளறை ஒன்றுதான் இருக்கிறது. நாளைக்கும் நாளன்றைக்கும் அந்த ஒரே வாசல்தான். மாப்பிள்ளை வந்து வாசலில் நின்று மச்சான் என்று மரியாதையாகக் கூப்பிட்டால் என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. இன்றைக்குப் போனில் சொல்லியாயிற்று. முகத்துக்கு நேரே சொல்ல வருமா.

வண்டியைச் சங்கரன்கோவில் பக்கம் திருப்பி நிறுத்தினான். "அம்மா கேட்டா என்ன சொல்லுவ?" என்றாள் ஆவுடை. "தெரியலட்டி. ஏறு." உதைத்ததும் பிடித்துக்கொண்டது. இனி இதை நிறுத்துவதுதான் பாடு. அவள் ஏறி உட்கார்ந்தாள், பையை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். ரோட்டில் ஏறி இரண்டாவது கியர் போட்டு, மூன்றாவதுக்கு மாற்றி வேகம் எடுத்தபோது, பின்னாலிருந்து, கடைக்கு வெளியே கேட்கிற அந்தப் பழைய சத்தம் இல்லை, ஆனால் வண்டி இரைச்சலைத் தாண்டிக் கேட்கும்படி, "மெதுவாப் போண்ணே" என்றாள்.

இரண்டாவது கியருக்கே இறக்கிக்கொண்டான். பின்னால் வந்த பஸ் ஒன்று ஆரன் அடித்து ஒதுங்கி முந்திக்கொண்டு போயிற்று. போகட்டும் என்று ஓரமாகவே ஓட்டினான்.